சாமிப் பெட்டியில் இருந்த குத்துவாளும் இரண்டு வரி அறிக்கையும்

நடந்தவை, வரிசையாக:

1. தை மாதக் கடைசியில், என் அப்பாவோடு ஒரே மில்லில் வேலை பார்த்த வேல்ச்சாமி மாமா ராஜபாளையத்தில் என் வீட்டு மாடிக்கு வந்தார். தன் குலசாமியின் கத்தி எந்த ஊரில் செய்தது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

2. மறுநாள் அவருடைய பங்காளி கணபதி அண்ணாச்சி அதே கத்தியைப் பற்றி அதே கேள்வியோடு போனில் கூப்பிட்டார்.

3. செட்டியார்பட்டிக்குப் பக்கத்தில் அவர்களுடைய பெட்டி வீட்டில் கத்தியைப் பார்த்தேன். தொடவில்லை.

4. கத்தியின் மூன்று பாகங்கள் மூன்று ஊர்களைக் காட்டின.

5. இரண்டு தரப்பாரும் தனித்தனியாக என்னைப் பார்த்து, ஒரே வரியில் எழுதித் தரும்படி கேட்டார்கள்.

6. இரண்டு வரி எழுதினேன்.

7. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் அறையில் எல்லார் முன்னிலையிலும் அதை வாசித்தேன்.

என் கோப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. அடுத்த வாரம் முதல் ஒட்டோமான் பிரிவை நீங்கள் மூன்று பேரும் பார்க்கப் போகிறீர்கள். நான் ஒரு அருங்காட்சியகத்தின் பாதுகாப்புக் கூடத்துக்குப் போகிறேன். கைப்பிடி வகைகள், உறை வகைகள், வெள்ளி வேலைப்பாடுகள், போலிகளின் அடையாளங்கள் எல்லாம் பயிற்சிக் குறிப்பில் இருக்கின்றன. அவற்றை இங்கே திரும்ப எழுதவில்லை. பயிற்சிக் குறிப்பில் இடம் பிடிக்காத ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு ஏல நிறுவனம் ஒன்று பழைய ஆயுதங்களின் படங்களை அனுப்பும். அவை செய்யப்பட்டது, போஸ்னியா முதல் ஏமன் வரை ஒட்டோமான் துருக்கி என்ற ஒரே அரசின் கீழ் இருந்த காலம். எல்லாக் கத்தியையும் ‘துருக்கிக் கத்தி’ என்று விற்பவர் எழுதி அனுப்புவார். அது எந்த மலையில், எந்தக் கடற்கரையில், எந்தக் கடைத்தெருவில் செய்தது என்று நாம் பிரித்துச் சொல்ல வேண்டும். நான் உலோகவியல் படித்தவள். அதற்குப் பிறகு பழம்பொருள் பாதுகாப்பில் ஒரு படிப்பு. வேலை முழுக்க வீட்டு மாடியில்தான். ஜன்னலைத் திறந்தால் மேற்கே மலை, மூடினால் பக்கத்துத் தெருவின் தறிச் சத்தம். அம்மா அண்ணன் வீட்டுக்குப் போன பிறகு, ஒரு வார்த்தைகூட வாயைத் திறந்து பேசாமல் முடிந்த நாட்கள் உண்டு. சாயங்காலம் கடையில் பால் பாக்கெட் கேட்கும்போது என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்கும். உங்களுக்கும் அப்படி நேரலாம். தயாராக இருங்கள்.

ஒவ்வொரு பொருளையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு வாய்த்த இரண்டாம் ஆளின் பெயர் எனக்கு இன்று வரை தெரியாது. எந்த நாடு, ஆணா பெண்ணா, என்ன வயது, எதுவும் தெரியாது. நிறுவனம் அப்படித்தான் வைத்திருக்கிறது, ஒருவர் கருத்து இன்னொருவரைச் சாய்த்துவிடக் கூடாது என்று. நான் சேர்ந்த புதிதில், பவளம் பதித்த ஒரு குத்துவாள் வந்தது. விற்பவர் கிரேக்கர். ‘செய்த இடம்’ என்ற கட்டத்தைச் சரியாக நிரப்பினேன். ‘வந்த வழி’ என்ற அடுத்த கட்டத்தில் கிரீஸ் என்று போட்டேன். இருவரும் முடித்த பிறகு, பக்கத்தில் இரண்டாம் ஆள் ஒரு குறிப்பு வைத்தார்: ‘இது எங்கே பிறந்தது என்று உனக்குத் தெரிகிறது. யார் கையில் எந்தப் பக்கம் போனது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு கட்டத்தைப் பார்த்து இன்னொரு கட்டத்தை நிரப்பாதே.’ அதற்குப் பிறகு நான் நிரப்பியதில்லை. அவரும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

இப்போது வேல்ச்சாமி மாமா.

அவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. மில்லில் பிட்டர். அத்தை இறந்து சில வருடங்கள் ஆகின்றன, பிள்ளைகள் இல்லை. அன்று மாடிப்படி ஏறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் திரையில் இருந்த கத்தியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா, நீ வெளிநாட்டுக் கத்தி பாக்குற வேலதான பாக்குத?”

“ஆமா மாமா.”

“எங்க கருப்பசாமி கத்தியும் வெளிநாடுதான். வந்து பாத்துச் சொல்லுதியா?”

“என்ன சொல்லணும்?”

“பஸ்ராக் கத்தின்னு சொன்னா போதும்.”

“பாக்காமயே சொல்லிரவா?”

அவர் சிரித்துவிட்டார். “பாத்துட்டே சொல்லு. கத்தி எங்கயும் ஓடிராது.”

அவர் சொன்ன கதை இதுதான். அவருடைய பாட்டனார் தலைமுறையில் அண்ணன் தம்பி இரண்டு பேர். முதல் உலகப் போரில் சுமை தூக்கவும் பாதை போடவும் தொழிலாளர் படைக்கு ஆள் எடுத்தபோது இருவரும் போனார்கள். தம்பியைப் பஸ்ராவுக்கு அனுப்பினார்கள். அண்ணனை எகிப்துக்கும் அங்கிருந்து பாலஸ்தீனத்துக்கும். இருவரும் உயிரோடு திரும்பினார்கள். திரும்பும்போது ஒருவர் ஒரு துருக்கிக் குத்துவாளைக் கொண்டுவந்து, வேண்டிக்கொண்டபடி குலசாமிக்குக் கொடுத்தார். அது சாமியின் மற்றப் பொருட்களோடு ஒரு மரப்பெட்டியில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை, மாசி சிவராத்திரிக்கு, அந்தப் பெட்டியை ஒருவர் தலையில் வைத்து, அது இருக்கும் பெட்டி வீட்டிலிருந்து கோயில் வரை வெறுங்காலில் நடந்து போவார். வழியில் எங்கும் இறக்கக் கூடாது. கத்தியைக் கொண்டுவந்தவர் வம்சம்தான் பெட்டி தூக்கும். கதையில் இது வரை இரண்டு வீட்டாருக்கும் தகராறு இல்லை.

கொண்டுவந்தது அண்ணனா தம்பியா என்பதில்தான் தகராறு. தம்பி வம்சத்தில் மிச்சம் இருப்பது வேல்ச்சாமி மாமா ஒருவர். அவருடைய அப்பா தூக்கினார், அவருக்குப் பிறகு இவர் தூக்குகிறார். அண்ணன் வம்சம் பெரிய வீடு. அதற்குத் தலைமை கணபதி அண்ணாச்சி. பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி வைத்திருக்கிறார். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்து வளைவு கட்டிக் கொடுத்ததும் அவர்தான். கத்தி எங்கள் பாட்டனார் கொண்டுவந்தது, இனி என் மகன் தூக்குவான் என்று இந்த வருடம் அவர் சொல்லிவிட்டார்.

அவர் போனில் பேசியபோது குரலில் அதட்டல் எதுவும் இல்லை. “தாயி, வேலு வந்துட்டுப் போனானாமே. பஸ்ராக் கத்தின்னு சொல்லிருப்பான். நம்ம பக்கம் கடல் தாண்டி வந்த எல்லாத்துக்கும் பஸ்ரான்னுதான் பேரு. எங்க அய்யா வச்சிருந்த கூஜாவுக்குக்கூட பஸ்ராக் கூஜான்னுதான் பேரு. அது சிவகாசியில வாங்குனது. நீ கத்தியப் பாரு, கத்தி என்ன சொல்லுதோ அதச் சொல்லு.”

பெட்டி வீடு ஒற்றை அறை. நான் போனபோது இரண்டு வீட்டாரும் வெளியே நின்றார்கள். பூசாரி குளித்து ஈர வேட்டியோடு பெட்டியைத் திறந்தார். நான் கையுறை எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“பொம்பளப்புள்ள தொடக் கூடாது தாயி. ஆம்பளையும் தொடக் கூடாது. நான் மட்டுந்தான். நீ சொல்லு, நான் திருப்பிக் காட்டுதேன்.”

இத்தனை வருடம் படங்களில் மட்டும் பார்த்த பொருள், முதன்முறையாக ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அதன் கனம் என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இருந்தது. “இடது பக்கம் திருப்புங்க,” “கைப்பிடியை மேல தூக்குங்க,” “வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்க,” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாடி அறையில் இருந்தது போலவே இருந்தது.

ஒரு சிக்கல். பல காலச் சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் அப்பிக் கைப்பிடியில் எதுவுமே தெரியவில்லை. துணியால் ஓரிடத்தில் மட்டும் துடைக்க முடியுமா என்று கேட்டேன்.

“உத்தரவு கேக்கணும்,” என்றார் பூசாரி.

உத்தரவு என்றால் பல்லி சொல்ல வேண்டும். சாமியைக் கும்பிட்டுவிட்டு எல்லாரும் பேசாமல் நின்றோம். பல்லி வலது பக்கம் கத்தினால் துடைக்கலாம். இடது பக்கம் கத்தினால் அடுத்த வருடம். கத்தவே இல்லை. கணபதி அண்ணாச்சியின் போன் அலறியது. கூட்டத்தில் ஒரு பெண், “அண்ணாச்சி பல்லிக்கு ரிங்டோன் மாத்திட்டாரு,” என்றாள். பூசாரி முறைத்தார். வேல்ச்சாமி மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கணபதி அண்ணாச்சியும் சிரித்தார். அந்த நிமிடம் அவர்கள் இருவரையும் பார்த்தால் வழக்குப் பேசும் ஆட்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிறகு உத்திரத்தின் வலது பக்கம் இருந்து பல்லி கத்தியது. அதை நான் கேட்கவில்லை, மற்ற எல்லாரும் கேட்டதாகச் சொன்னார்கள். அதுவும் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று.

துடைத்த பிறகு தெரிந்தவை:

கைப்பிடி கறுப்புக் கொம்பு, நடுவில் இடுப்பு போல ஒடுங்கி, இரு முனைகளிலும் விரிந்தது. சிறிய வெள்ளிக் குமிழ்கள் பதித்த வரிசை. அலகு வளைந்து, நடுவில் மேடாக ஒரு வரம்போடு, இரு பக்கமும் கூர்மை. மோசுலுக்கு வடக்கே குர்து மலைநாட்டில் செய்தது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மோசுல், பஸ்ரா இருக்கும் அதே இராக்கில்தான் இருக்கிறது.

உறையின் வாய்ப்பட்டி மெல்லிய வெள்ளித் தகடு. அதில் எழுப்பியிருந்த இலைக்கொடி சிரியப் பக்கத்து வேலை. அலெப்போவாக இருக்கலாம், டமாஸ்கஸாக இருக்கலாம். கத்தி பிறந்த மலையிலிருந்து மேற்கே வெகுதூரம், பாலஸ்தீனம் போகும் பாதையில்.

உறையின் நுனிக் குப்பி முதல் பார்வையில் பால்கன் பக்கத்து வேலை போல இருந்தது. பற்றவைத்த விதம் அப்படி இல்லை. “இது இங்க வந்த பொறவு மாத்துனதா?” என்று கேட்டேன். பூசாரி, “ஆமா, நுனி உடைஞ்சு போச்சு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசாரி செஞ்சு குடுத்தாரு,” என்றார். அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

எடுத்த பிறகு நின்றது இதுதான். மலைநாட்டுக் கத்தி, மேற்கத்திய உறை. துருக்கிப் படையில் எல்லா ஊர் ஆட்களும் இருந்தார்கள், எல்லாப் போர்முனைக்கும் போனார்கள். ஒரு குர்துச் சிப்பாய் அலெப்போ வழியாகப் போகும்போது உறையைப் புதுப்பித்துக்கொண்டு காசாவுக்குப் போயிருக்கலாம். அலெப்போவில் உறை போட்ட கத்தி ஆற்றோடு இறங்கிப் பஸ்ராவின் கடைத்தெருவுக்கு வந்திருக்கலாம். தம்பியும் வாங்கியிருக்கலாம், அண்ணனும் வாங்கியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, அங்கே எடுத்த படங்களை எங்கள் குறிப்புப் பக்கம் வழியாக இரண்டாம் ஆளுக்கு அனுப்பினேன். இது நிறுவன வேலை இல்லை, சொந்தக் கேள்வி, விருப்பம் இருந்தால் பாருங்கள் என்று எழுதினேன். பதில் வந்தது: கைப்பிடி நான் நினைத்த அதே இடம்தான், வாய்ப்பட்டியும் அப்படித்தான், வந்த வழி தெரியாது. கீழே இன்னொரு வரி: ‘இந்தச் சிவப்புப் பொடி என்ன? இது யாருடையது?’ இத்தனை வருடத்தில் வேலைக்கு வெளியே அவர் கேட்ட முதல் கேள்வி. வேல்ச்சாமி மாமா, பெட்டி, வெறுங்கால் நடை எல்லாவற்றையும் நீளமாக எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு அழித்தேன். ‘தெரிந்தவர் குடும்பம்’ என்று மட்டும் அனுப்பினேன். அவரும் ‘சரி’ என்று அனுப்பினார்.

அடுத்து, ஐந்தாவது எண். நீங்கள் கவனிக்க வேண்டியது இது.

கணபதி அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். கையில் பால்கோவா. வேண்டாம் என்றேன், சாமி பேரைச் சொல்லி மேசையில் வைத்துவிட்டார்.

“தாயி, நான் உன்ன எதயும் மாத்தி எழுதச் சொல்லல. உறை மேற்க செஞ்சதுன்னு பூசாரிகிட்ட நீ சொன்னத நானே கேட்டேன். அத மட்டும் எழுதிரு.”

“கைப்பிடியும் இருக்கே அண்ணாச்சி.”

“இருக்கட்டும். நான் ஒண்ணு கேக்கேன். வேலு ஒத்த ஆளு. அவனுக்குப் பொறவு யாரு தூக்குவா? அவன் இருக்கும்போதே எம்மவன் தலைக்கு மாறுனா அவனே நின்னு சொல்லிக் குடுப்பான். அவன் போன பொறவு மாறுனா எம்மவனுக்கு நட எப்படின்னுகூடத் தெரியாது. நான் கெட்ட எண்ணத்துல கேக்கேன்னு நெனைக்காத.”

நான் அப்படி நினைக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அது என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

வேல்ச்சாமி மாமா வீட்டுக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டீக்கடையில் என்னைப் பார்த்ததும் எனக்கும் ஒரு டீ சொன்னார்.

“உறையப் பத்தி யாரும் கேக்கலயே பாப்பா. கத்தி எந்த ஊருன்னுதான கேட்டோம்?”

“ஆமா மாமா.”

“கத்தி மோசுலுதான?”

“மோசுலுக்கு வடக்க.”

“அத எழுது. அது பொய்யா?”

“பொய் இல்ல. ஆனா அத மட்டும் எழுதுனா, பஸ்ரா போனவருதான் கொண்டாந்தாருன்னு படிப்பாவ. அது எனக்குத் தெரியாது. தெரியாதுன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல மாமா. ஒங்க அய்யாவோட அய்யா கொண்டாரலன்னு நான் சொல்லல.”

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

“வருசத்துல ஒரு நாளு, நான் பெட்டியோட வரும்போது, தெருவுல எம்புட்டுப் பேரு கொடத்தோட நிப்பாவ தெரியுமா? என் காலுக்குத் தண்ணி ஊத்துவாவ. அன்னைக்கு ஒவ்வொரு வீட்டுலயும் என்னயத் தேடுவாவ, வேலு வந்துட்டானா, வேலு எந்தத் தெருவுல வாரான்னு. மத்த நாளு நான் சாப்ட்டேனா படுத்தேனான்னு கேக்க ஆளு கெடையாது. நீயே தனியாத்தான இருக்க, ஒனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியும். டீயைக் குடித்து முடித்தேன்.

அவர் கேட்டது பொய் அல்ல, ஒரு வரியை விட்டுவிடச் சொன்னார், அவ்வளவுதான். கேட்ட கேள்விக்கு நேரான, சரியான, ஒரு வரிப் பதில் என் கையில் இருந்தது. அதை எழுதினால் எனக்கு நெருக்கமான ஒருவருக்கு நன்மை. எழுதுவது தொழில்முறையிலும் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. உங்களுக்கு வரப்போகும் கஷ்டமான நேரங்கள் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும். யாரும் வந்து போலியை அசல் என்று எழுதச் சொல்ல மாட்டார்கள். உண்மையில் பாதி போதும் என்பார்கள். அப்போது நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: இந்த ஒரு வரியைப் படிப்பவர், எனக்குத் தெரியாத ஒன்றை நான் சொன்னதாக எடுத்துக்கொள்வாரா? எடுத்துக்கொள்வார் என்றால் இரண்டாவது வரி வேண்டும்.

எழுதியது இது:

‘குத்துவாளின் கைப்பிடியும் அலகும் மோசுலுக்கு வடக்கிலுள்ள குர்து மலைநாட்டில் செய்தவை, உறையின் வாய்ப்பட்டி சிரியப் பகுதியில் செய்தது. இந்தப் பொருள் எந்த ஊரில், யார் கைக்கு வந்தது என்பதை இதைப் பார்த்துச் சொல்ல முடியாது.’

வக்கீல் அறை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில். வக்கீல் நடுத்தர வயதுப் பெண்மணி. வழக்குப் போட்டால் பேரன் காலத்தில்தான் முடியும் என்று சொல்லி, கத்தி சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம் என்று இரு தரப்பையும் முதலிலேயே ஒப்புக்கொள்ள வைத்தவர் அவர்தான். நான் வாசித்து முடித்ததும் பெரிய வீட்டு ஆட்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர் கையைக் காட்டி அடக்கினார்.

“அப்ப ரெண்டு பேர்ல யாரோட முன்னோர் கொண்டுவந்தாருன்னு இத வச்சுச் சொல்ல முடியாது. அப்படித்தானே?”

“ஆமா மேடம்.”

“அப்படின்னா இதுவரைக்கும் இருந்த வழக்கமே இருக்கட்டும். மாத்தணும்னு கேக்குறவங்கதான் நிரூபிக்கணும். வேல்ச்சாமியே தூக்கட்டும்.”

நான் இதை எதிர்பார்க்கவில்லை. மனதுக்குள் ஒரு பாரம் இறங்கியது. மாமா விடச் சொன்ன வரியே அவருக்கு உதவிவிட்டது என்று நினைத்தேன்.

கணபதி அண்ணாச்சி தன் ஆட்களை உட்காரச் சொன்னார். “ஒத்துக்கிட்டுத்தான் வந்தோம். பேச்சு மாற மாட்டேன்,” என்றார். பிறகு பங்காளியின் பக்கம் திரும்பி, “தூக்குலே வேலு,” என்றார்.

“நான் தூக்க மாட்டேன்,” என்றார் வேல்ச்சாமி மாமா.

கணபதி அண்ணாச்சிக்குப் புரியவில்லை.

“ஏலே, வெளையாடுதியா? ஜெயிச்சவன் பேசுத பேச்சா இது?”

“யாரு ஜெயிச்சா? சொல்ல முடியாதுன்னுல்லா எழுதிருக்கு.” அவர் குரலை உயர்த்தவில்லை. “எங்கய்யா தூக்குனாரு, நான் தூக்குனேன். எங்க பாட்டனாரு கொண்டாந்த கத்தின்னு நெனச்சுத் தூக்குனோம். அதனாலதான் கனமே தெரியல. இனி பாதி வழியில, இது அண்ணன் வீட்டுதோன்னு ஒரு நெனப்பு வந்துட்டா, பெட்டிய நான் எங்கண்ணே எறக்க?”

வழியில் பெட்டியை இறக்கக் கூடாது. அதை வக்கீலுக்கு யாரோ மெதுவாக எடுத்துச் சொன்னார்கள்.

“நீ தூக்குண்ணே. ஒம்மவனத் தூக்கச் சொல்லு.”

“நீ இத்தன வருசம் தூக்குனவன். ஒனக்கே தெரியலங்க. எம்மவன் தலையில அத எப்படி வைக்க?” கணபதி அண்ணாச்சி எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார். “லே, நான் கேட்டது தப்புன்னு வச்சுக்க. போயி தூக்கு.”

“நீ கேட்டதுக்கு இல்லண்ணே.”

பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

“பாப்பா, மோசுலுன்னு மட்டும் எழுதிருந்தா நான் தூக்கிருப்பேன்.”

“தெரியும் மாமா.”

“தெரிஞ்சேதான் எழுதுனியா?”

“ஆமா.”

அவர் தலையாட்டினார். கோபம் இல்லை. தனக்குக் கொடுத்த பிரதியை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

ராஜபாளையத்துக்கு நானும் மாமாவும் ஒரே பஸ்ஸில் வந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். டிக்கெட் எடுக்கப் பணத்தை நீட்டினேன். “ஒங்களுக்கு எடுத்தாச்சும்மா, முன்னாடி அவரு,” என்றார் கண்டக்டர். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கும்போதும் பார்க்கவில்லை.

இதை எழுதுவதற்கு முன்பு, உங்களுக்கு என்ன சொல்லலாம் என்று ஒரு பட்டியல் போட்டேன். பாதிக்கு மேல் அடித்துவிட்டேன். மிச்சம் இருப்பவை:

உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். அது யாருக்குச் சாதகம் என்று முன்கூட்டிக் கணக்குப் போடாதீர்கள். நான் போட்ட கணக்கு இரண்டு முறையும் தப்பாகப் போனது. முதலில் அந்த வரி மாமாவுக்குக் கெடுதல் என்று நினைத்தேன், பிறகு நன்மை என்று நினைத்தேன்.

‘இல்லை’ என்ற பதிலைக் கேட்டவர் உங்களோடு சண்டை போட்டு ஆறிவிடுவார். ‘தெரியாது’ என்ற பதிலைக் கேட்டவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போவார். படத்தில் மட்டும் பொருளைப் பார்த்து வேலை செய்கிறவர்களுக்கு அந்த மனிதர் கண்ணில் படமாட்டார். எனக்கு ஒரு முறை கண்ணில் பட்டார். உங்களுக்குப் படாமலும் போகலாம். பட்டாலும் வரியை மாற்ற வேண்டாம். ஆனால் தபாலில் அனுப்பாதீர்கள், நேரில் போய் வாசியுங்கள். அவர் ஏதாவது திருப்பிக் கேட்க நினைத்தால் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

இந்த அறிக்கைக்குப் பிறகு தூக்கம் வராத நாட்கள் உண்டா என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். தூக்கம் வந்தது. சாப்பாடுதான் சில நாள் இறங்கவில்லை. யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தது. பேச நினைத்த ஆள் வேல்ச்சாமி மாமாவாகத்தான் இருந்தார்.

இப்போதைய நிலை இது. மாசி சிவராத்திரி முடிந்துவிட்டது. பெட்டி, பெட்டி வீட்டை விட்டு நகரவில்லை. சாவி பூசாரியிடம் இருக்கிறது. கோயிலில் இருந்த சாமி அரிவாளை மட்டும் வைத்துப் பூசை நடந்தது. தெருப் பெண்கள் வழக்கப்படி குடத்தில் தண்ணீர் எடுத்து வாசலில் நின்றார்கள், பிறகு உள்ளே போய்விட்டார்கள். கணபதி அண்ணாச்சி குடும்பத்தோடு வந்திருந்தார். வேல்ச்சாமி மாமா அன்றைக்கு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு மில்லுக்குப் போயிருந்தார்.